புதுப் பாட்டை அறிமுகப்படுத்தும் வேலை: ஒரு எஃப்.எம். நிலையத்தின் நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

பல ஆண்டுகளாக ஒலிபரப்பாகி வரும் ஒரு தனியார் எஃப்.எம். இசை நிலையத்தில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். நிலையத்தின் பெயரையும் அங்கே வேலை பார்த்தவர்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். இசைப் பிரிவோடு சேர்ந்து இந்த ஆய்வைச் செய்த சிறு குழுவில் நானும் இருந்தேன்.

அந்த நிலையத்தில் வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்குப் புதுப் பாட்டுகளுக்கென்றே ஒரு மணி நேர நிகழ்ச்சி இருந்தது. அதை நிறுத்திவிடலாம் என்று விற்பனைப் பிரிவின் தலைவர் எழுத்தில் கேட்டார். அந்த நேரத்துக்கு விளம்பரம் கிடைப்பதில்லை, நிகழ்ச்சி தொடங்கியதும் நேயர் எண்ணிக்கை சரிகிறது, புதுப் பாட்டு வேண்டுமென்பவர்கள் கைப்பேசியில் கேட்டுக்கொள்கிறார்கள் என்று மூன்று காரணங்கள் சொன்னார். மூன்றையும் யாராலும் மறுக்க முடியவில்லை.

நிலைய இயக்குநர் உடனே கையெழுத்துப் போடவில்லை. "நம்ம வழியா யாராவது ஒரு புதுப் பாட்டைத் தெரிஞ்சுக்கிறாங்களா, இல்லையா? அதைப் பார்த்துட்டு வாங்க. அப்புறம் நிறுத்துறதைப் பத்திப் பேசலாம்" என்றார். ஆய்வு அங்கிருந்துதான் தொடங்கியது. ஒரு நிகழ்ச்சியின் தலைவிதியைப் பற்றிய கேள்வியாக ஆரம்பித்தது, நிலையம் நாள் முழுக்க என்ன செய்கிறது என்ற கேள்வியாக மாறிப்போனது.

பின்னணி

முன்பு ரேடியோவால் புதுப் பாட்டை எப்படிப் பரப்ப முடிந்தது என்பதைச் சொன்னால்தான் எது கைநழுவியது என்பது விளங்கும். கேட்பவர் தேடாமலே பாட்டு காதில் விழுந்தது. அதே பாட்டு திரும்பத் திரும்ப விழுந்தது. என்ன பாட்டு, யார் பாடியது என்று நேயர் நம்புகிற ஒரு குரல் சொன்னது. இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தது ரேடியோவில்தான்.

திரும்பத் திரும்பக் கேட்பதன் வலிமையை இந்தத் தொழில் ரொம்ப காலமாகவே அறியும். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒமாஹா நகரில் நிலையம் நடத்திய டாட் ஸ்டோர்ஸ், காசு போட்டால் கேட்ட பாட்டைப் போடும் ஜூக்பாக்ஸ் இயந்திரத்தில் அத்தனை பாட்டுகள் இருந்தும் ஆட்கள் குறிப்பிட்ட சிலவற்றையே மறுபடி மறுபடி தேர்ந்தெடுப்பதைக் கவனித்தார், பிரபலமான சில பாட்டுகளையே திரும்பத் திரும்பப் போடும் 'டாப் 40' முறை அதிலிருந்து பிறந்தது என்று ரேடியோக்காரர்கள் சொல்வார்கள். உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிப்படையை விளக்கியது: முன்பின் தெரியாத ஒன்றைப் பலமுறை எதிர்கொண்டாலே போதும், அதன்மேல் விருப்பம் கூடுகிறது. குரலின் வலிமைக்கு பிபிசி ரேடியோ 1-இல் 1967 முதல் 2004-இல் இறக்கும்வரை தொகுப்பாளராகப் பணியாற்றிய ஜான் பீலைச் சொல்லலாம். யாரென்றே தெரியாத இசைக்குழுக்கள் அனுப்பிய ஒலிநாடாக்களை அவர் கேட்டு ஒலிபரப்பினார். 1978-இல் அண்டர்டோன்ஸ் என்ற புதிய குழுவின் பாட்டு பிடித்துப்போய், முடிந்தவுடன் அதையே இரண்டாம் முறையும் போட்டார். அந்தக் குழுவுக்கு ஒரு பெரிய நிறுவனத்தின் ஒப்பந்தம் கிடைக்க அது வழி செய்தது.

பிறகு கைப்பேசி வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது என்று சொல்வது வழக்கம். கால வரிசை அப்படிச் சொல்லவில்லை. 2012-இல் நீல்சன் நிறுவனம் அமெரிக்காவில் நடத்திய கணக்கெடுப்பில்கூட, புதுப் பாட்டைப் பெரும்பாலும் ரேடியோ வழியாகவே அறிகிறோம் என்று 48 சதவீதம் பேர் சொன்னார்கள். அப்போது யூடியூப் வந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. பதின்வயதினரில் 64 சதவீதம் பேர் யூடியூபில் இசை கேட்பதாகச் சொன்னதும் அதே கணக்கெடுப்புதான். திங்கட்கிழமைதோறும் 30 பாட்டுகளை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பொறுக்கிக் கொடுக்கும் பட்டியலை ஸ்பாட்டிஃபை தொடங்கியது 2015 ஜூலையில்.

ஆனால் ரேடியோ அறிமுகத்திலிருந்து பின்வாங்கத் தொடங்கியது இதற்கெல்லாம் வெகு முன்பே. பாட்டு வரிசையை மனிதருக்குப் பதில் கணினி அமைக்கும் மென்பொருள் 1970-களின் இறுதியிலேயே வந்துவிட்டது. பாட்டின் மிக எடுப்பான ஏழெட்டு வினாடித் துண்டை மட்டும் போட்டுக் காட்டி, பிடிக்கிறதா என்று கேட்கும் 'ஹூக் டெஸ்ட்' நிலையங்களில் பரவியது. 1996-இல் அமெரிக்கா ஒரே நிறுவனம் நாடு முழுக்க எத்தனை நிலையங்கள் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம் என்று சட்டத்தைத் தளர்த்தியதும், ஒரு நிறுவனத்தின் கையில் 1200-க்கும் மேற்பட்ட நிலையங்கள் போய்ச் சேர்ந்தன. அந்தந்த ஊரில் பாட்டைத் தேர்ந்தெடுத்தவர்கள் போய், எங்கோ ஓரிடத்தில் தயாராகும் ஒரே பட்டியல் வந்தது. 2007 முதல், ஒலிக்குள் மறைந்திருக்கும் குறியீட்டைப் பிடித்துக்கொள்ளும் சிறு கருவியை ஆட்களிடம் கொடுத்து, எந்த நிமிடத்தில் யார் நிலையம் மாற்றினார்கள் என்று அங்கே கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். பழக்கமில்லாத பாட்டு வந்ததும் ஆட்கள் விலகிப்போவது அப்போது கோடு போட்டது போலத் தெரிந்தது. அதன்பின் புதுப் பாட்டைப் போடுவதற்கு ஒரு மேலாளரின் ஒப்புதலை வாங்குவது எளிதாக இல்லை.

நாங்கள் ஆய்வு செய்த நிலையமும் இதே பாதையில் வந்ததுதான். பாட்டுகளை மூன்று அடுக்காகப் பிரித்திருந்தார்கள். மேல் அடுக்கில் இருந்தவை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஒலிக்கும். நடு அடுக்கில் பழகிய பாட்டுகள். அடியில் இருந்தவைதான் புதியவை. மேலும், ஒரு புதுப் பாட்டு பகலில் ஒலிக்க வேண்டுமென்றால், இணைய இசைச் செயலிகளில் அதிகம் கேட்கப்படும் பாட்டுகளின் பட்டியலில் அது சில வாரங்கள் இடம்பெற்றிருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அந்த விதியை எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நேயர் எண்ணிக்கையை வைத்தே விளம்பரக் கட்டணம் நிற்கும் தொழிலில் அது நியாயமான பாதுகாப்பு. ஆனால் அதன் பொருள் என்னவென்று அங்கே யாரும் உரக்கச் சொன்னதில்லை: வேறு யாரோ அறிமுகப்படுத்தி முடித்த பாட்டை மட்டுமே இந்த நிலையம் போடும்.

கவனித்தவை

முதலில் ஒலிபரப்புப் பதிவேட்டை எடுத்தோம். முந்தைய ஓராண்டில் நிலையத்தில் பிரபலமான பாட்டுகள் ஒவ்வொன்றுக்கும் வெளியான நாள், செயலிகளின் பட்டியலில் ஏறிய நாள், நிலையத்தில் முதன்முதலாகப் பகலில் ஒலித்த நாள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம். விதி அப்படி இருந்ததால் மூன்றாவது நாள் எப்போதும் கடைசியாகவே வந்தது. அதில் வியப்பில்லை. இடைவெளியின் நீளம்தான் எங்களை யோசிக்க வைத்தது. பல பாட்டுகள் செயலிகளில் ஏறி, உச்சம் தொட்டு, இறங்கத் தொடங்கிய வாரத்தில்தான் இங்கே மேல் அடுக்குக்கு வந்திருந்தன.

இரண்டாவதாக, புதுப் பாட்டுகள் எத்தனை முறை ஒலித்தன என்று எண்ணினோம். வெள்ளி இரவு ஒருமுறை, நள்ளிரவுக்கு மேல் இன்னொருமுறை, ஆக வாரத்துக்கு இரண்டு. இதை ஒரு நேயரின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். தினமும் ஒரு மணி நேரம் கேட்பவர் வாரத்தின் 168 மணி நேரத்தில் 7 மணி நேரம் கேட்கிறார். அதாவது எந்த ஒரு பாட்டு எப்போது ஒலித்தாலும் அது அவர் காதில் விழ 24-இல் ஒரு வாய்ப்பு. வாரம் இரண்டு முறை ஒலிக்கும் பாட்டை அவர் ஒரே ஒரு தடவை கேட்பதற்குச் சராசரியாக 12 வாரம் ஆகும். உண்மையில் நேயர்கள் நள்ளிரவில் கேட்பதில்லை என்பதால் அதுவும் நடக்காது. மேல் அடுக்குப் பாட்டோ நாளைக்கு எட்டு முறை. அதே நேயர் அதை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை கேட்டுவிடுவார். திரும்பத் திரும்பக் கேட்டால்தான் பாட்டு பிடிக்கும் என்று தெரிந்த ஒரு தொழில், அந்த வாய்ப்பு முழுவதையும் ஏற்கெனவே பிடித்துப்போன பாட்டுகளுக்கே கொடுத்துக்கொண்டிருந்தது. இந்தக் கணக்கை எழுதிப் பார்த்தபின் இசைப் பொறுப்பாளர் நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது அறிமுகமே இல்லையே" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவது, ஒலிபரப்பின் பதிவை உட்கார்ந்து கேட்டோம். காலை முதல் இரவு வரை பல மணி நேரம். பாட்டின் பெயரும் பாடியவரின் பெயரும் சொல்லப்பட்ட இடங்கள் மிகச் சில. தொகுப்பாளர்களைக் கேட்டபோது, பேச்சுக்கு ஒதுக்கும் வினாடிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வந்ததையும், போட்டி அறிவிப்பு, போக்குவரத்துத் தகவல், விளம்பரதாரர் வாசகம் எல்லாம் போக மிஞ்சும் நேரத்தில் முதலில் வெட்டுப்படுவது பாட்டு விவரம்தான் என்பதையும் விளக்கினார்கள். எல்லோருக்கும் தெரிந்த பாட்டுக்கு எதற்கு விவரம் என்ற எண்ணமும் இருந்தது. அது தெரிந்த பாட்டுக்குச் சரி. தெரியாத பாட்டும் அதே வரிசையில் பெயரில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

நான்காவது, நேயர்களிடம் பேசியது. வெவ்வேறு வயதினரைச் சிறு சிறு குழுக்களாக வரவழைத்து ஒரே கேள்வியில் தொடங்கினோம்: சமீபத்தில் உங்களுக்குப் பிடித்துப்போன ஒரு புதுப் பாட்டை முதலில் எங்கே கேட்டீர்கள்? ரேடியோ என்று சொன்னவர்கள் குறைவு. குறுங்காணொளி, நண்பர் அனுப்பிய இணைப்பு, செயலி தானாகப் போட்டது என்பவையே அதிகம் வந்தன. அதோடு நிறுத்தியிருந்தால் விற்பனைத் தலைவர் சொன்னதே முடிவாகியிருக்கும்.

பேச்சை நீட்டியபோதுதான் இன்னொன்று வெளிப்பட்டது. நடுவயதுப் பெண் ஒருவர் தனக்குப் பிடித்த பாட்டைச் செயலியில் கண்டுபிடித்ததாகச் சொன்னார். எப்படித் தேடினீர்கள் என்று கேட்டோம். கார் ரேடியோவில் வந்ததாம், பெயர் சொல்லவில்லையாம், ஒரு வரி மட்டும் மனதில் நின்றதாம், வீட்டுக்கு வந்து அந்த வரியைத் தட்டச்சு செய்து தேடினாராம். ஒலிக்கிற பாட்டைக் கைப்பேசியே அடையாளம் காட்டும் ஷசாம் போன்ற வசதியை ரேடியோ முன் பிடித்ததாக வேறு சிலரும் சொன்னார்கள். (2002-இல் பிரிட்டனில் ஷசாம் தொடங்கியபோது அது தொலைபேசி எண் ஒன்றை அழைத்துப் பாட்டைக் கேட்க வைக்கும் சேவையாக இருந்தது. அப்போதே மக்களுக்கு அந்தத் தேவை இருந்திருக்கிறது.) பாட்டு போய்ச் சேர்ந்தது ரேடியோ வழியாக. கண்டுபிடித்த மகிழ்ச்சி சேர்ந்தது கைப்பேசியோடு. பெயர் சொல்லாமல் விட்டதால், தான் செய்த வேலையின் பலனையும் நிலையம் இழந்திருந்தது.

இளையவர்கள் விஷயத்தில் இப்படி மறைந்திருந்த நல்ல செய்தி எதுவும் இல்லை. இருபது வயதுக்குக் கீழே இருந்தவர்களில் பலருக்குச் சொந்தமாக ரேடியோவே இல்லை. வேறு யாருடைய வண்டியிலாவது போகும்போது கேட்டால் உண்டு. அவர்களிடம் போய்ச் சேருவதற்கு எந்தப் பாட்டைப் போட்டாலும் பயனில்லை என்பது தெளிவாகவே தெரிந்தது.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

மூன்று வழிகள் மேசைமேல் இருந்தன. ஒன்று, நிகழ்ச்சியை நிறுத்துவது. இரண்டு, புதுப் பாட்டுகளை மட்டும் போடும் தனி இணைய அலைவரிசை தொடங்குவது. மூன்று, நிகழ்ச்சியைக் கலைத்து அதன் பாட்டுகளைப் பகல் நேரத்துக்குள் கொண்டு வருவது.

இணைய அலைவரிசை பார்க்கக் கவர்ச்சியாக இருந்தது. ஆனால் புதுப் பாட்டு வேண்டும் என்று தேடிப்போகிறவருக்கு ஏற்கெனவே எத்தனையோ கதவுகள் திறந்திருக்கின்றன. ரேடியோவிடம் மிச்சமிருக்கும் தனிச்சொத்து தேடாதவர்கள்தான். வேலை, குடும்பம், பயணம் என்று இருப்பவர், புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்க்க நேரமோ மனமோ இல்லாதவர், ஆனால் நல்ல பாட்டு காதில் விழுந்தால் நின்று கேட்கக்கூடியவர். செயலி அவருக்கு அவர் முன்பு கேட்டதைப் போலவே இருப்பதைத்தான் கொடுக்கும். அவர் எதிர்பாராத ஒன்றைத் தருவதற்கு ரேடியோவுக்கு இன்னும் வழி இருக்கிறது. எனவே மூன்றாம் வழியையே எடுத்தோம். வெள்ளி இரவு நிகழ்ச்சியை இயக்குநர் நிறுத்தினார். விற்பனைப் பிரிவு கேட்டது கிடைத்தது, வேறு விதமாக.

நான்கே நான்கு புதுப் பாட்டுகள், ஒவ்வொன்றும் ஆறு வாரம், காலை 6 முதல் இரவு 10 வரையிலான நேரத்தில் நாளைக்கு நான்கு முறை என்று வரையறுத்தோம். மொத்தத்தில் ஏறக்குறைய மணிக்கு ஒன்று. தினம் ஒரு மணி நேரம் கேட்பவர் ஆறு வாரத்தில் ஒரே பாட்டைப் பத்து முறை கேட்க இது வழி செய்யும். எண்ணிக்கையைக் குறைத்தது சிலருக்கு வருத்தம். முன்பு வாரத்துக்குப் பன்னிரண்டு புதிய கலைஞர்களுக்கு இடம் கொடுத்தோமே, இப்போது நான்கு பேருக்குத்தானா என்று வெள்ளி நிகழ்ச்சியின் தொகுப்பாளர் கேட்டார். அவர் பல ஆண்டுகள் அந்த மணி நேரத்தை அன்போடு வளர்த்தவர். யாருக்கும் பதியாமல் பன்னிரண்டு பேரைப் போடுவதைவிட, மனதில் பதியும்படி நான்கு பேரைப் போடுவது அந்தக் கலைஞர்களுக்கே நல்லது என்பது எங்கள் நிலை. அந்தக் கேள்வி நியாயமானது என்றே இப்போதும் நினைக்கிறேன்.

ஒவ்வொரு புதுப் பாட்டுக்கும் முன்னும் பின்னும் நன்றாகப் பழகிய பாட்டு இருக்க வேண்டும். பாட்டுக்கு முன் பெயர், பாட்டுக்குப் பின் மறுபடி பெயர், கூடவே தொகுப்பாளர் தன் வாயால் சொல்லும் ஒரு வாக்கியம். எழுதிக் கொடுத்த வாக்கியம் கூடாது. தொகுப்பாளருக்கு நிஜமாகவே பிடிக்காத பாட்டாக இருந்தால் அவர் நேரத்தில் அதைப் போடாமல் விடலாம். மாலை நேரத் தொகுப்பாளர் கேட்ட உரிமை இது. "பிடிக்காததைப் பிடிக்குதுன்னு சொன்னா நேயர் என் குரல்லயே கண்டுபிடிச்சிடுவார் சார்" என்று இயக்குநரிடம் சொன்னார். இயக்குநர் ஒப்புக்கொண்டார்.

தேர்வுக் கூட்டத்தில் மூன்று பேர் பாட்டை முழுதாகக் கேட்க வேண்டும். செயலிகளின் பட்டியலை அங்கே கொண்டுவரக் கூடாது. முதல் நான்கு வாரங்களுக்கு ஹூக் டெஸ்ட் வைக்கக் கூடாது என்றும் முடிவு செய்தோம். ஏழெட்டு வினாடித் துண்டைக் கேட்டு ஒருவர் கொடுக்கும் மதிப்பெண்ணில் பெரும்பகுதி அந்தப் பாட்டு அவருக்கு முன்பே தெரியுமா என்பதையே காட்டுகிறது. தெரியாத பாட்டை அந்தத் தேர்வில் உட்கார வைத்தால் தோற்கத்தான் செய்யும்.

இன்னொரு விதியை இயக்குநரே சேர்த்தார். பாட்டை வெளியிடும் நிறுவனத்திடமிருந்தோ கலைஞரிடமிருந்தோ பரிசு, பயணம், விளம்பர உறுதி எதுவும் ஏற்கக் கூடாது, தேர்வுக்கான காரணத்தை எழுதி வைக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு பாட்டுப் போட்ட விவகாரம் 1959, 1960-இல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணை வரை போய், வெளிப்படையாக அறிவிக்காமல் பணம் வாங்குவதைத் தடுக்கச் சட்டத்தையே திருத்த வேண்டி வந்தது. பட்டியலைப் பார்க்காமல் மனிதர்கள் தேர்ந்தெடுக்கும் முறைக்குத் திரும்பினால் அந்தப் பழைய ஆபத்தும் கூடவே திரும்பும் என்று அவர் முன்கூட்டியே யோசித்தார்.

விற்பனைத் தலைவரும் ஒன்று கேட்டுப் பெற்றார். காலை 8 முதல் 9 வரை புதுப் பாட்டு கிடையாது. அந்த ஒரு மணி நேரத்து வருமானத்தில் கை வைக்க யாருக்கும் துணிவு இல்லை.

பின்விளைவுகள்

முதல் சில வாரங்கள் பதற்றமாகவே போயின. புதுப் பாட்டு வரும் நேரத்தில் ஆட்கள் விலகுவார்கள் என்று எதிர்பார்த்து விற்பனைப் பிரிவு நேயர் கணக்கைக் கவனித்துக்கொண்டே இருந்தது. கணக்கில் ஏற்ற இறக்கம் எப்போதும் போலவே இருந்தது. இவ்வளவு சிறிய மாற்றத்தைக் காட்டும் அளவுக்கு அந்தக் கணக்கெடுப்பின் மாதிரி பெரியதில்லை என்பதால், நாங்கள் ஜெயித்தோம் என்றோ தோற்றோம் என்றோ அதை வைத்துச் சொல்லவில்லை.

எங்கள் சொந்த அளவுகோலாக நாங்கள் வைத்திருந்தது, 'இப்போ போட்டது என்ன பாட்டு?' என்று கேட்டு வரும் குறுஞ்செய்திகள். அவை கூடும் என்று நினைத்தோம். குறைந்தன. இசைப் பிரிவில் சோர்வு வந்தது. மாலை நேரத் தொகுப்பாளர்தான் காரணத்தைப் பிடித்தார். பெயரைத்தான் இப்போது இரண்டு முறை சொல்கிறோமே, எதற்குக் கேட்பார்கள்? பழைய செய்திகளையும் புதியவற்றையும் பிரித்துப் பார்த்தபோது, பெயர் குறிப்பிட்டு 'அந்தப் பாட்டை மறுபடி போடுங்கள்' என்று வந்தவை நான்காம் வாரத்திலிருந்து கூடியிருந்தன. நேயர் விருப்பத்தில் ஒரு புதுப் பாட்டின் பெயர் சரியாக உச்சரிக்கப்பட்டு வருவது அந்த நிலையத்தில் பல காலமாக நடக்காத விஷயம்.

முதல் சுற்றின் நான்கு பாட்டுகளும் நான்கு விதமாகப் போயின. ஒன்றை எந்த நிறுவனமும் வெளியிடவில்லை. தானே பதிவு செய்து இணையத்தில் ஏற்றியிருந்த ஒரு பாடகியின் பாட்டு அது. மெதுவான, முதல் கேட்பில் பிடிபடாத மெட்டு. முதல் மூன்று வாரம் அதைப் பற்றி ஒரு செய்திகூட இல்லை. ஐந்தாம் வாரத்தில் அதுதான் அதிகம் கேட்கப்பட்ட பாட்டாக இருந்தது. வாரம் இரண்டு முறை என்ற பழைய முறையில் அந்தப் பாட்டு பிழைத்திருக்கவே முடியாது. ஹூக் டெஸ்டும் அதை விட்டுவைத்திருக்காது. இரண்டாவது பாட்டு யாரையும் தொடவில்லை. இரண்டு தொகுப்பாளர்கள் அதைப் போடாமல் விட்டார்கள், ஆறு வாரம் முடிந்ததும் இறங்கியது. திரும்பத் திரும்பப் போட்டால் எதுவும் பிடித்துவிடும் என்ற எண்ணத்துக்கு அது நல்ல மறுப்பு. மூன்றாவது, நிலையத்தில் ஒலிக்கத் தொடங்கிய சில வாரங்களில் செயலிகளிலும் பெரிதாகப் போனது. எங்களால்தான் போனது என்று சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது, அதற்கு ஒரு பெரிய விளம்பர ஏற்பாடும் பின்னால் இருந்தது. நான்காவது, சுமாராக, சிலருக்குப் பிடித்த பாட்டாகவே நின்றது.

அந்தப் பாடகி சில மாதம் கழித்துத் தன் நிகழ்ச்சிக்கு வந்தவர்களைப் பற்றி நிலையத்துக்கு எழுதினார். வழக்கமாக வரும் இளைஞர்களோடு, அவரைவிட மூத்த வயதினரும் முதன்முறையாக வந்திருந்தார்களாம். காரில் கேட்டோம், வேலை செய்யும் இடத்தில் கேட்டோம் என்று சொன்னார்களாம். நேயர் குழுக்களை மறுபடி அழைத்துப் பேசியபோதும் இதே தெரிந்தது. மாற்றம் உணர்ந்தவர்கள் முப்பத்தைந்துக்கு மேற்பட்டவர்கள். "இப்பல்லாம் நல்ல பாட்டு எங்க வருதுன்னு விட்டுட்டோம்" என்று முன்பு சொன்ன ஒருவர், இரண்டாம் முறை வந்தபோது இரண்டு புதுப் பாட்டுகளின் பெயரைச் சொன்னார். இளையவர்களிடம் மாற்றம் இல்லை.

இரண்டாம் சுற்றின்போது ஒரு வெளியீட்டு நிறுவனம், தங்கள் கலைஞருக்கு இடம் கொடுத்தால் ஒரு பிரபலத்தின் நேர்காணலை இந்த நிலையத்துக்கு மட்டும் தருவதாகச் சொன்னது. விதி எழுத்தில் இருந்ததால் இயக்குநர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மறுத்துவிட்டார். நேர்காணல் போட்டி நிலையத்துக்குப் போனது. அதில் விற்பனைப் பிரிவுக்கு வருத்தம் இருந்தது.

மூன்றாம் சுற்று தொடங்கியபோது, உரிமையாளர்கள் தங்கள் எல்லா நிலையங்களுக்கும் பொதுவான ஒரே பட்டியலைக் கொண்டு வந்தார்கள். செலவு குறையும் என்பதுதான் காரணம். இயக்குநர் எதிர்த்து எழுதினார், நேயர் செய்திகளையும் இணைத்தார். நான்கு பாட்டுகளுக்குப் பதில் இரண்டு மட்டும் உள்ளூர்த் தேர்வாக வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. பெயர் சொல்லும் விதியை உரிமையாளர்கள் தொடவில்லை. செலவில்லாத விதி என்பதால் அதைப் புதியது பழையது பாராமல் எல்லாப் பாட்டுக்கும் நீட்டித்துக்கொண்டார்கள் தொகுப்பாளர்கள்.

மறுபடி செய்வதானால்

எதை வெற்றி என்று கொள்வது என்பதை ஒலிபரப்புக்கு முன்பே விற்பனைப் பிரிவோடு உட்கார்ந்து பேசி எழுதிவைக்க வேண்டும். பெயர் குறிப்பிட்டு வரும் வேண்டுகோள்கள்தான் சரியான அளவு என்பது பாதி வழியில் தெரியவந்ததால், தொடக்க வாரங்களின் செய்திகளைப் பின்னோக்கிப் பிரிக்க வேண்டியிருந்தது. சில அழிக்கப்பட்டிருந்தன.

ஆறு வாரம் என்ற வரம்பு எல்லாப் பாட்டுக்கும் பொருந்தாது. மெதுவாகப் பிடிக்கும் பாட்டுக்கு எட்டு வாரம் வரை நீட்டும் வழியும், யாரையும் தொடாத பாட்டை நான்காம் வாரத்திலேயே இறக்கும் வழியும் விதியில் இருக்க வேண்டும்.

உரிமையாளர்களிடம் முன்கூட்டியே பேசியிருந்தால் பொதுப் பட்டியல் வந்திருக்காது என்று நான் நம்பவில்லை. ஆனால் சில நாடுகளில் இந்த வேலை நிலையங்களின் விருப்பத்துக்கு விடப்படவில்லை என்பதை அந்தப் பேச்சில் எடுத்து வைத்திருக்கலாம். பிரான்சில் 1994-ஆம் ஆண்டின் சட்டம், ஒலிபரப்பும் பாட்டுகளில் 40 சதவீதம் பிரெஞ்சுப் பாட்டுகளாக இருக்க வேண்டும், அதில் பாதி புதிய கலைஞர்களுடையதாகவோ புதிய வெளியீடுகளாகவோ இருக்க வேண்டும் என்று வைத்தது. ஆஸ்திரேலியாவின் பொது ஒலிபரப்பு நிலையமான ட்ரிபிள் ஜே 1995 முதல் அறிமுகமில்லாத கலைஞர்களைத் தேடி எடுக்கும் திட்டத்தை நடத்துகிறது. பிபிசி 2007 முதல் இதே வேலையை உள்ளூர் நிலையங்களின் வழியாகச் செய்கிறது. ஒரு தனியார் நிலையம் அந்த அளவுக்குப் போக முடியாது. நாளைக்குப் பதினாறு இடம் ஒதுக்குவது முடிகிற காரியம் என்பதை இந்த நிகழ்வு காட்டியிருக்கிறது.

தேர்வுக் கூட்டத்தில் இருந்த மூவரும் கிட்டத்தட்ட ஒரே வயது, ஒரே மாதிரி ரசனை. இரண்டு சுற்றிலும் வேகமான தாளமுள்ள பாட்டுகள் குறைவாகவே வந்ததற்கு அது காரணமாக இருக்கலாம். அடுத்த சுற்றிலிருந்து நேயர்களில் இருவர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து பாட்டுகளை முழுதாகக் கேட்டு வாக்களிக்க இயக்குநர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர்களில் ஒருவராவது இருபது வயதுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது மாலை நேரத் தொகுப்பாளரின் கோரிக்கை. அதற்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.